சிவப்புப் பட்டையில் ஒரு புள்ளி

முதலில் அதைத் தூசு என்றுதான் நம்பினேன். இதை நானே சொல்லிவிடுகிறேன். என் மனைவி சொன்னால் இன்னும் விவரமாகச் சொல்வாள்.

அறந்தாங்கியில் எனக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் சைஸ், கல்யாண ஆல்பம், ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங். பின்கட்டில் என் மனைவியின் தம்பி ஃபிளெக்ஸ் மெஷின் வைத்திருக்கிறான். மேல்மாடியில் சில வருடங்களுக்கு முன்பு ஒருவர் குடியிருந்தார். கட்டுமாவடிப் பக்கத்து மீன் வியாபாரக் குடும்பத்துப் பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். எங்கோ பெரிய ஊரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று வந்து, ஊரில் இணையம் இழுக்காததால் என் மாடியைப் பிடித்தார். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், "அது நான்தான்னு எத வச்சுண்ணே முடிவு பண்ணுனீங்க?" என்று கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருக்காது. அவர் கேட்ட எந்தக் கேள்விக்குத்தான் இருந்தது?

குடிவந்த இரண்டாம் வாரம் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, ஏ-த்ரீ சைஸில் ஒரு பிரிண்ட் கேட்டார். திறந்து பார்த்தால் கன்னங்கரேலென்று ஒரு படம். அதன் மேல் முழுக்கப் பொட்டுப் பொட்டாக அழுக்கு. பாவம், யாரோ கேமராவைத் துடைக்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருடமாக இந்தத் தாலுகாவில் எந்த மாப்பிள்ளை முகத்திலும் ஒரு பரு தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான். டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு பொட்டாக அழித்து, கறுப்பைக் கூட்டி, மை போலப் பளபளவென்று பிரிண்ட் போட்டு வைத்தேன்.

"ஒரு பொட்டு இல்லாம தொடச்சிட்டேன் மேடம். இதுக்கெல்லாம் தனியா எதுவும் வாங்குறதில்ல."

அவர் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தனை தொடச்சீங்கண்ணே?"

"ஒரு இரநூறு இருக்கும்."

"அதுல ஒவ்வொண்ணும் ஒரு கேலக்ஸிண்ணே. நம்ம சூரியன் மாதிரி கோடிக்கணக்குல உள்ளுக்குள்ள இருக்கும்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். இரநூறு கேலக்ஸியை அழித்தவனுக்கு ஜாமீன் கிடைக்குமா என்ற கவலை வந்துவிட்டது. அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடு, "எத வச்சுண்ணே தூசுன்னு முடிவு பண்ணுனீங்க?" என்றார்.

"மங்கலா இருந்துச்சு. அழகா இல்ல."

"வேற?"

தொழில் மானத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. "லென்ஸ்ல தூசு இருந்தா எல்லாப் படத்துலயும் அதே மூலையில நிக்கும் மேடம். பொண்ணு நகரும், மாப்ள நகருவாரு, தூசு நகராது. அப்படித்தான் கண்டுபிடிக்கிறது."

"அப்படி நின்னுச்சா?"

"ஒரு படம்தானே குடுத்தீங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நாங்களும் அதத்தாண்ணே பாக்குறோம். தொலைநோக்கியக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளித் தள்ளிப் படம் எடுப்போம். வானத்துல உள்ளது வானத்தோட நகரும். நம்ம கோளாறு நம்மளோடயே நிக்கும்."

அன்று முதல் நான் அவருக்குச் சகதொழிலாளி. அவருடைய வேலை என்னவென்று துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். வானத்தில் நிறுத்தியிருக்கும் ஒரு தொலைநோக்கி, நம் கண்ணுக்குத் தெரியாத சிவப்பில், அதாவது அகச்சிவப்பில், படம் எடுத்து அனுப்புகிறது. ஒரு பாஸ்போர்ட் போட்டோவை எதிர்வரிசை டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டு என் கடையிலிருந்து பார்த்தால் அந்த முகம் எவ்வளவு தெரியும்? அவ்வளவு வானம். அதற்குள் இருக்கிற மிக மங்கலான, மிகத் தூரத்துக் கேலக்ஸிகளைப் பொறுக்கிப் பட்டியல் போடுவதுதான் அவர் வேலை. பல வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தார். என் தம்பிமார் கல்யாணம் இரண்டுக்கும் சேர்த்தே அழைப்புப் பட்டியல் நாங்கள் ஒரு மாலையில் போட்டோம்.

அவர் வாயிலிருந்து ஒரு 'ஆமாம்' வாங்க முடியாது. என் எரிச்சலெல்லாம் இதில்தான். கடைசிவரை 'இருக்கலாம்'தான். "மழ பெய்யுதா மேடம்?" என்று கீழிருந்து கேட்டால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார். கை நனையும். அப்போதும் பதில் வராது. எதிர்ப்பக்க ரோடு நனைகிறதா என்று எட்டிப் பார்ப்பார். "மேல டேங்க் வழிஞ்சாலும் இப்படித்தாண்ணே விழும்" என்பார். அதற்குள் காயப்போட்ட துணியெல்லாம் ஊறியிருக்கும்.

என் மனைவி ஒருநாள் நண்டுக் குழம்பு கொடுத்தனுப்பிவிட்டு, உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். "இருக்குற மாதிரி இருக்குக்கா. ஆனா நான் இப்பத்தான் ஊறுகா சாப்பிட்டேன். நாக்குல அது மிச்சம் இருக்கும். வாயக் கொப்பளிச்சிட்டு, கொஞ்ச நேரம் கழிச்சுச் சொல்லவா?" அரை மணி நேரம் கழித்துப் படியிறங்கி வந்து, "கொஞ்சம் கம்மிக்கா" என்றார். என் மனைவி அன்றைக்கு என்னிடம் சொன்னது இங்கே அச்சுக்கு ஆகாது.

மீன் கடையில் இன்னும் மோசம். மீன் ஏலக்கடை வீட்டுப் பெண்ணல்லவா, செவுளைத் தூக்கிப் பார்ப்பார், அமுக்கிப் பார்ப்பார், கண்ணைப் பார்ப்பார். மீன்காரம்மா, "ஏத்தா, கட்டிக்கிறதுக்கா பாக்குற, கொழம்புக்குத்தான?" என்பார். "செவுள் செவப்பாத்தான் இருக்கு ஆத்தா, ஆனா ஒங்க குடை செவப்பு. அங்கிட்டு வெளிச்சத்துல வச்சுப் பாக்கலாமா?" என்பார் இவர். பின்னால் நின்ற நான் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

இவர் இந்தக் குணத்தால் என்னைக் காப்பாற்றியதும் உண்டு. கொரோனா காலத்தில் வாங்கிய, நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்கும் வெப்பமானி ஒன்று கடையில் கிடந்தது. ஒருநாள் மத்தியானம் தலை கனமாக இருக்கிறதே என்று நீட்டிப் பார்த்தேன். நூற்றி இரண்டு. எனக்குக் காய்ச்சல் என்றால் காய்ச்சலோடு நிற்காது. டெங்குவில் ஏறி, பத்து நிமிடத்தில் என் படத்தை எந்த ஃபிரேமில் போட்டு மாலை சார்த்தலாம் என்பது வரைக்கும் போய்விடுவேன். ஃபிரேம் வேறு கடையிலேயே தயாராக இருக்கிறது. நல்ல தேக்குக் கலர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மாடிப்படியில் நின்று மேடத்தைக் கூப்பிட்டேன்.

அவர் வந்து வெப்பமானியை வாங்கி, என்னை விட்டுவிட்டுச் சுவருக்கு நேரே நீட்டினார்.

"செவத்துக்கு நூத்தி ஒண்ணு." மேஜைக்கு நீட்டினார். "மேசைக்கு நூத்தி ரெண்டு. இத எங்கண்ணே வச்சிருந்தீங்க?"

லேமினேஷன் மெஷின் மேல் வைத்திருந்தேன். காலையிலிருந்து ஓடிய மெஷின்.

"கருவிதாண்ணே சூடா இருக்கு. நீங்க நல்லா இருக்கீங்க." கொஞ்சம் யோசித்தார். "இருக்கலாம்."

பிறகு அந்த வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "எங்களுக்கும் இதே தலவலிதாண்ணே. இதுவும் அகச்சிவப்புதான், அதுவும் அகச்சிவப்புதான். தொலைநோக்கியப் பூமியில வச்சா காத்தோட சூடு, கண்ணாடியோட சூடு எல்லாம் படத்துல விழுந்துரும். அதான் தூக்கிட்டுப் போயி வெளியில நிறுத்தி, வெயில் படாமப் பெரிய மறைப்புக் கட்டி, கோட்டைப்பட்டினம் ஐஸ் பிளாண்டெல்லாம் பிச்சை வாங்குற அளவுக்குக் குளுர வச்சிருக்கு. அப்பவும் கொஞ்சம் விழும். அதக் கழிக்கணும்."

"கழிச்சா கேலக்ஸி வந்துருமா?"

"மிச்சம் ஏதாவது வரும். அதையும் கழிக்கப் பாக்கணும். எதக் கழிச்சும் போகலன்னா, அப்ப இருக்கலாம்."

கேலக்ஸி விஷயத்தில் அவர் 'இருக்கு' என்று சொல்லி நான் அதுவரை கேட்டது ஒரே ஒரு தடவை. பட்டியலின் நகலை ஸ்பைரல் போடக் கொண்டுவந்த அன்றைக்கு. ஒரு கேலக்ஸிக்கு இரண்டு தாள். பன்னிரண்டு மில்லிச் சுருள் போட்டுக் கொடுத்தேன். அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "முப்பத்தொண்ணு இருக்குண்ணே" என்றார். ஆடியோடு அவருடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. வேறு ஊரில் நிரந்தரமான ஒரு வேலைக்கு மனுப் போட வேண்டும். மனுவோடு வைக்க இந்தப் பட்டியல்தான் அவரிடம் இருந்தது. மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும் என்றார். கிடைத்தால் அம்மாவையும் கூடவே அழைத்துப்போய்விடலாம் என்றும் சொன்னார். பேச்சை வளர்க்காமல் மேலே போய்விட்டார்.

இனி என் பங்கு.

அவர் குழு பொதுமக்களுக்காக ஓர் இணையப் பக்கம் வைத்திருந்தது. வானம் சின்னச் சின்னக் கட்டமாக வரும். மங்கலாக ஏதாவது கண்ணில் பட்டால் தொட்டுக் காட்டலாம். "மெஷின் விட்டத சில சமயம் கண்ணு புடிச்சிரும்ண்ணே" என்று சொல்லி எனக்கு அதைத் திறந்து கொடுத்தார். என் கேள்விகளிலிருந்து தப்பிக்கத்தான் என்று பிறகு புரிந்தது. ஒரே இடத்தை ஐந்து வெவ்வேறு நிறப் பட்டையில் எடுத்திருப்பார்கள். ஐந்தாவதுதான் இருப்பதிலேயே அதிகச் சிவப்பு. பக்கத்துக் கேலக்ஸி ஐந்திலும் தெரியும். தூரம் கூடக்கூட அதன் வெளிச்சம் வந்து சேர்வதற்குள் இழுபட்டு இழுபட்டுச் சிவந்துபோகும். அதனால் நாலு பட்டையில் ஒன்றுமே இல்லாமல் கடைசிப் பட்டையில் மட்டும் ஒரு புள்ளி தெரிந்தால், அது ரொம்ப ரொம்பத் தூரத்து ஆளாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொன்னார். அதை இப்போது அடிக்கோடிடுகிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ரேஷன் கார்டுக்குப் போட்டோ எடுக்க வந்த அம்மாளை, நாடியைத் தூக்கி அசையாமல் இருங்கள் என்று சொல்லிவிட்டு, கட்டத்தை ஒரு கண் பார்த்தேன். முதல் பட்டை கறுப்பு. இரண்டு, மூன்று, நான்கு கறுப்பு. ஐந்தில் நடுவாக ஒரு புள்ளி. வெறும் புள்ளியும் இல்லை, பக்கத்திலேயே ஒட்டினாற்போல இன்னொன்று, கொஞ்சம் மங்கல். ஜோடி. அந்த அம்மாள் நாடியைத் தூக்கியபடியே இருக்க, நான் ஒற்றைச் செருப்போடு மாடியேறிவிட்டேன்.

மேடம் பார்த்தார். முன்னால் குனிந்து பார்த்தார். அவர் குனிந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நல்லாருக்குண்ணே."

"கேலக்ஸிதானே மேடம்?"

"இருக்கலாம். இன்னும் கழிக்கல."

சொன்ன மூன்றில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு கீழே வந்தேன். மனைவியிடம் சொன்னேன். அவள் தம்பியிடம் சொன்னாள். அதற்குப் பிறகு என் கையில் எதுவும் இல்லை.

மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்து எழுந்து வந்தால், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பத்துக்கு எட்டு அடி ஃபிளெக்ஸில் நான் நிற்கிறேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு எல்லோருக்கும் மாட்டிவிடும் அதே கோட்டை என் கழுத்துக்குக் கீழே வெட்டி ஒட்டியிருந்தான் மாப்ள, அதான் என் மனைவியின் தம்பி. ஒரு கையில் தொலைநோக்கி. மறு கையில் பூமியை ஏந்தியிருந்தேன், என்ன காரணமோ. தலைக்கு மேலே 'இரட்டைக் கேலக்ஸி கண்ட எங்கள் அண்ணனை வாழ்த்தி வணங்குகிறோம்'. கீழே சொந்தக்காரர்கள் முப்பது பேர் முகம். என் படத்தில் கன்னத்து மருவைக்கூட எடுத்திருந்தான். அதற்காக நான் சந்தோஷப்பட்டதை மறைப்பதற்கில்லை.

"யாரக் கேட்டு மாப்ள வச்ச?"

"கேட்டா வேணாம்பீங்க மச்சான்."

"இன்னும் உறுதியாகலடா."

"ஆகாமயா ஒத்தச் செருப்போட ஓடுனீங்க?"

புதன்கிழமை பங்காளிகள் வந்துவிட்டார்கள். கேலக்ஸிக்குக் குலசாமி பேரை வைக்க வேண்டுமாம். ஜோடியாக இருக்கிறதால் ஒன்றுக்குச் சாமி பேர், இன்னொன்றுக்கு எங்கள் வகையறாவின் பேர் என்று ஒரு தரப்பு. அப்படியென்றால் மங்கலானது யாருக்கு என்று மறு தரப்பு. ஃபிளெக்ஸில் தன் முகம் தபால் தலை அளவில் இருக்கிறது என்று பெரியப்பா மகன் காப்பி குடிக்காமல் போனார். வியாழக்கிழமை வியாபாரிகள் சங்கத் தலைவர் வந்து, ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா, பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது, மேல்வீட்டு மேடமும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்கு அது கேலக்ஸி ஆகிவிட்டது. ஆகாதது ஒருவருக்குத்தான். நான் மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன்.

"மேடம், ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிஞ்சிருமா?"

"எதுண்ணே?"

"அது கேலக்ஸிங்கறது."

"கேலக்ஸின்னா அது எப்பவோ ஆயிருச்சுண்ணே, பலநூறு கோடி வருசத்துக்கு முன்னாடியே. அதுக்கு ஞாயித்துக்கெழமை தெரியாது."

"எனக்குத் தெரியும் மேடம். எனக்கு மண்டபம் புடிச்சிருக்கு."

அவர் பரிதாபமாகப் பார்த்தார். யாருக்கோ கடிதம் எழுதியிருப்பதாகவும், அந்தப் படத்துக்கு முன்னால் தொலைநோக்கி எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று தெரிய வேண்டும் என்றும் சொன்னார். முன்னால் எங்கே பார்த்தால் என்ன? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னிடம் போட்டோ எடுக்க வருகிறவரிடம், இதற்கு முன்னால் உட்கார்ந்தவர் யார் என்று நானா கேட்கிறேன்?

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லேப்டாப்போடு இறங்கி வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ட்யூப் லைட்ட உத்துப் பாத்துட்டுக் கண்ண மூடுனா உள்ள ஒண்ணு நிக்குமில்லண்ணே?"

"நிக்கும்."

"கேமராவுக்கும் அப்படி நிக்கும். எங்களுக்கு முன்னாடி வேற ஒரு குழு அதே கேமராவுல பிரகாசமான நட்சத்திரக் கூட்டம் ஒண்ணப் பாத்துட்டுப் போயிருக்காங்க. அதோட மிச்சம் உள்ள நின்னுருக்கு. எங்க படத்துல மொதல்ல எடுத்தது அஞ்சாவது பட்டை. அதுல விழுந்துருச்சு. மத்த நாலு பட்டைக்கு வர்றதுக்குள்ள அணைஞ்சிருச்சு. அதான் அஞ்சுல மட்டும் இருக்கு."

"ஜோடி?"

"ஜோடி இல்லண்ணே. ரெண்டு படம் எடுத்தோம். மொதப் படத்துல பளிச்சுன்னு, ரெண்டாவதுல அணையுற மாதிரி. நடுவுல தொலைநோக்கியக் கொஞ்சம் தள்ளினோம். ரெண்டையும் வானத்துக்கு ஏத்த மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வச்சுச் சேத்தப்ப, நகராத ஒரே பொட்டு ரெண்டா விழுந்துருச்சு." இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். சுற்றியிருந்த கேலக்ஸியெல்லாம் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தன. என் புள்ளி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நீங்க சொன்னதுதாண்ணே. பொண்ணு நகரும், மாப்ள நகருவாரு."

என் வாயால் வந்த விதிக்கே நான் மாட்டிக்கொண்டேன். ஒரு மனிதனுக்கு இந்த அவமானம் போதாதா? போதவில்லை.

"திங்கக்கெழம சொல்லக்கூடாதா மேடம்?"

"திங்கக்கெழமயும் நகராதுண்ணே."

"இதெல்லாம் மெஷின் பாத்துக்காதா?"

"எங்க குழு எடுத்த படத்தோட மிச்சம்னா மெஷின் கழிச்சிரும். மத்தவங்க பாத்தது அதுக்குத் தெரியல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பயத்தில் வருகிற கோபம். மண்டபம், பிரியாணி, பங்காளிகள், கோட் எல்லாம் கண்முன் வந்து போயின. "ஒங்களுக்கென்ன மேடம், மேல முப்பத்தொண்ணு வச்சிருக்கீங்க. எங்கிட்ட இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதையும் புடுங்கிட்டீங்க. ஒங்களோட முப்பத்தொண்ணையும் இப்படி நோண்டிப் பாத்தீங்களா?"

அவர் லேப்டாப்பை மூடினார். படியில் பாதி ஏறியவர் நின்று, "பாக்கணும்ண்ணே" என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரியப்பா மகனுக்கு எப்படிச் சொல்வது என்ற யோசனையில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விழா நடந்தது. நடக்காமல் இருக்குமா, சால்வை வாங்கியாகிவிட்டதே. மேடையில் சங்கத் தலைவரின் காதில் எல்லாவற்றையும் சொன்னேன். "இருக்கட்டுங்க, பேசும்போது சொல்லிக்கலாம்" என்று சால்வையைப் போர்த்தினார். மேடம் மூன்றாவது வரிசையில் இருந்தார். இரவு தூங்காததுபோல முகம் வீங்கியிருந்தது. நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். நானே மைக்கைப் பிடித்தேன்.

"நான் பாத்தது கேலக்ஸி இல்லைங்க. கேமராவுல தங்கிப்போன மிச்ச வெளிச்சம். நான் ஒண்ணும் கண்டுபிடிக்கல."

மண்டபம் கைதட்டியது. எவ்வளவு அடக்கமான மனுசன் என்று சங்கத் தலைவர் என் தன்னடக்கத்துக்கு இன்னொரு சால்வை போட்டார். பங்காளிகள், "மச்சமா, மிச்சமா, என்னவா இருந்தா என்ன, மொதல்ல பாத்தது நம்மாளு" என்று பிரியாணிக்குப் போனார்கள். உண்மையைச் சொல்லியும் ஊரை நம்பவைக்க முடியாத ஆத்திரத்தில் நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். மேடம் தயிர்ச்சோறு வாங்கி, அதையும் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஒரு கட்டுத் தாளோடு வந்தார். அதே பட்டியல், திருத்தியது, ஸ்பைரல் போட வேண்டும் என்றார். நான் இன்னும் முறுக்கிக்கொண்டுதான் இருந்தேன். ஓட்டை போட்டு, கை பழக்கத்தில் பன்னிரண்டு மில்லிச் சுருளைக் கோத்தேன். லொடலொடவென்று ஆடியது. உருவிவிட்டுப் பத்தைக் கோத்தேன். அதுவும் தொளதொளவென்று இருந்தது. எட்டு மில்லிதான் சரியாகப் பிடித்தது.

"பக்கம் விட்டுப்போச்சா மேடம்?"

"இல்லண்ணே. சரியாத்தான் இருக்கு."

அந்த விஷயத்தில் அவர் இரண்டாவது தடவை 'இருக்கு' என்று சொன்னது அப்போதுதான்.

"எத்தனை?"

"பதினேழு. மிச்சம் பதினாலும் அதே நேரத்துல, அதே கேமராவுல எடுத்த படத்துல இருந்தது. அஞ்சாவது பட்டையில மட்டும் தெரிஞ்சது." சுருளின் முனையை நான் மடக்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒங்களது போன வழியிலேயே போயிருச்சு."

மாதக் கடைசிக்கு நாலு நாள்தான் இருந்தது. பல வருட வேலையில் கிட்டத்தட்டப் பாதி. அதையும் நான் கோபத்தில் கேட்ட ஒரு கேள்விக்காகப் போய்த் தோண்டிப் பார்த்திருக்கிறார்.

"மெஷினே விட்டுருச்சுல்ல மேடம்? ஒங்க ஆளுங்க யாருக்கும் இது தெரியாதுல்ல?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். கடையில் வேறு யாரும் இல்லை. "இப்ப முப்பத்தொண்ணாவே போகட்டும். வேல கெடச்ச பெறகு மெதுவா எடுத்துக்கலாம்."

"நகரலண்ணே" என்றார். "பதினாலையும் ஒவ்வொண்ணா வச்சுப் பாத்தேன். ஒண்ணுகூட நகரல."

ஃபிளெக்ஸை அன்றே இறக்கினோம். மாப்ள அதைக் கோட்டைப்பட்டினத்தில் ஒருவருக்குக் கொடுத்தான். கரையேற்றி வைத்திருந்த படகின் இஞ்சின்மேல் கோட்டும் பூமியுமாக நான் இரண்டு மழைக்காலம் கிடந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். நான் பார்த்தது, வேறு யாரோ முன்பு பார்த்த ஒரு நட்சத்திரத்தின் மிச்ச வெளிச்சம். அவர் பதினேழை வைத்து மனுப் போட்டார். அந்த வேலை வேறொருவருக்குப் போனது. ஆடி முடிந்ததும் மாடியைக் காலி செய்துகொண்டு கட்டுமாவடிக்கே போய்விட்டார். அந்தப் பட்டியல் இப்போது அந்த இணையப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரி இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கேலக்ஸிகளை வேறு வேறு தொலைநோக்கிகளால் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்களாம். போன வாரம்கூட எண்ணிப் பார்த்தேன். பதினேழும் இருக்கின்றன.